'வயசாச்சு'ன்னு ஒரு வியாதி கிடையாது

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, உட்கார்ந்தா கை வராம, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. போன வாரம் ஒரு விஷயம் நடந்தது. இதுக்கு மேலயும் எழுதாம இருந்தா தப்புன்னு தோணிச்சு. அதான்.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இதைப் படிச்சிட்டு யாரும் தானா மாத்திரை ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். முக்கியமா நிறுத்த வேண்டாம். ஏன்னு கீழே வருது.

நடந்தது இதுதான். இருபது வருஷமா பழக்கமான சக பதிவர் ஒருத்தர். நல்லாப் படிச்சவர், நல்லா எழுதறவர். வாட்ஸப் குழுவுல ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். பி.பி. மாத்திரைங்கறது மருந்துக் கம்பெனிக்காரன் சதி, நம்ம தாத்தா பாட்டியெல்லாம் பிரஷரா பார்த்தாங்க, தைரியமா தூக்கிப் போடுங்க... இப்படிப் போகுது அது. கீழே வரிசையா கட்டைவிரல். நான் கேட்டேன், "ஏன் சார், நீங்களுமா?" அவர் சொன்ன பதில்: "வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும், மறதி வரத்தான் செய்யும். எல்லாம் இயற்கை. இதுக்குப் போய் எதுக்கு மாத்திரை?"

பிரஷரையும் மறதியையும் ஒரே மூச்சுல சேர்த்து வச்சார் பாருங்க, அது நூத்துக்கு நூறு சரி. இயற்கைன்னு முடிச்சார் பாருங்க, அதுதான் தப்பு. அந்தத் தப்புக்கு எங்க வீட்டுல விலை கொடுத்தாச்சு. அதனால அவர்கிட்ட சண்டை போடறேன். உங்ககிட்டயும்.

அப்பா

எங்கப்பா திருநெல்வேலி டவுன்ல ஒரு பாத்திரக் கடையில முப்பத்தஞ்சு வருஷம் கணக்குப்பிள்ளை. குடம், அண்டா, குத்துவிளக்குன்னு ஒரு கல்யாணச் சீர் மொத்தத்தையும் எடை போட்டு, பழைய பாத்திரத்துக்குக் கழிவு போட்டு, பேப்பர் பென்சில் இல்லாம தொகை சொல்லிருவார். வாங்க வந்தவங்க கால்குலேட்டரைத் தட்டி முடிக்கறதுக்குள்ள இவர் மீதிச் சில்லறையை எண்ணி வச்சிருப்பார். அது அவருக்கு ஒரு பெருமை. எங்களுக்கும்தான்.

58 வயசுல கண் ஆபரேஷனுக்கு முன்னாடி சோதனை பண்ணப்போ 170/100 இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. நாலு வருஷம் ஒழுங்கா சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள், 2012-ல, "தலை சுத்தலையா, தலை வலிக்கலையா, எனக்கு என்னல கொறச்சல்? எதுக்கு இந்த எழவைத் தெனமும் முழுங்கணும்?"னு கேட்டார். நான் அப்போ எல்லாம் தெரிஞ்ச ஆளு. எங்கேயோ படிச்சிருந்தேன், வருஷக்கணக்கா மாத்திரை தின்னா கிட்னி போயிரும்னு. "ஆமாப்பா, நல்லாத்தான இருக்கீங்க. ஒரு மாசம் விட்டுப் பாருங்க"ன்னு சொன்னேன்.

அந்த ஒரு மாசம் ஒன்பது வருஷம் ஆச்சு.

மாற்றம் எப்ப ஆரம்பிச்சதுன்னு எங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஏன்னா அது மறதியாவே வரலை. 1971-ல பித்தளை என்ன விலைன்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்வார். பேரு, ஊரு, யாருக்கு யார் சம்பந்தி, எல்லாம் ஞாபகம் இருந்தது. போனது வேற. ஏ.டி.எம். முன்னாடி நின்னா அடுத்து என்ன பண்ணணும்னு ஒரு தயக்கம். கரண்ட் பில்லு, பால் கணக்கு, கேஸ்னு மாசக் கடைசியில அரைமணி நேரத்துல முடிக்கற வேலைக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. ஒருநாள் அம்மா நோட்டைக் கொண்டாந்து காட்டினாங்க. "இங்க பாருல, ஒங்கப்பா அடிச்சு அடிச்சு எழுதியிருக்காவ." ஒரு பக்கத்துல ஒரே கூட்டலை நாலு தடவை போட்டு, நாலும் வேற வேற விடை. எல்லாத்தையும் அடிச்சிட்டு, கீழே ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தார்.

அப்புறம் நடை மாறிச்சு. காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தார். சீரியல் பார்த்துக் கண்ணீர் விட்டார், எங்கப்பாவா இதுன்னு இருந்தது.

சித்தப்பா சொன்னார், "எழுபது தாண்டியாச்சுல்லா, பின்ன எப்படி இருக்கும்?" அத்தை சொன்னாங்க, "தாத்தாவும் கடைசியில இப்படித்தான்." நான் என்ன பண்ணினேன்? வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பாதாம் ஊறவச்சுக் கொடுக்கச் சொன்னேன். கடமை முடிஞ்சது!

2021-ல கூட்டிட்டுப் போனோம். எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. டாக்டர் படத்தை வெளிச்சத்துல வச்சுக் காட்டினார். மூளைக்குள்ள ஆழத்துல வெள்ளை வெள்ளையா திட்டு. நடுநடுவுல மிளகு அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டை மாதிரி. "இதெல்லாம் எப்பவோ வந்துட்டுப் போன சின்ன அடைப்புங்க. பக்கவாதம்தான். ஆனா கை காலை இழுக்காததால உங்களுக்குத் தெரியலை"ன்னார். பி.பி. பார்த்தார். 190. "என்ன மாத்திரை எடுக்கறார்?" எங்க யாருகிட்டயும் பதில் இல்லை. "எடுத்துக்கிட்டிருந்தாரா? யாரு நிறுத்தச் சொன்னது?"

நான் தலையைக் குனிஞ்சிட்டேன். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "நானாத்தான் டாக்டர் நிறுத்துனேன்"னார்.

குளமும் கடைமடையும்

ரத்தக்குழாய்க்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்னு அதுக்கப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

எங்க ஊர் தாமிரபரணிப் பாசனத்தை எடுத்துக்கோங்க. ஆத்துல வர்ற வெள்ளம் நேரா வயலுக்குப் போறதில்லை. கால்வாய் வழியா குளத்துக்கு வரும். குளம் அதை வாங்கித் தேக்கி, மடை வழியா நிதானமா வாய்க்காலுக்கு விடும். வாய்க்கால் பிரிஞ்சு பிரிஞ்சு கடைசியில கடைமடை வயலுக்குப் போகும். குளம் தூர்ந்து போச்சுன்னா? வெள்ளம் வந்தப்போ சின்ன வாய்க்காலோட கரையெல்லாம் உடையும். வெள்ளம் வடிஞ்சதும் கடைமடை காயும். ரெண்டு கஷ்டமும் அதே வயலுக்குத்தான்.

நம்ம உடம்புல அந்தக் குளம், இதயத்துல இருந்து கிளம்புற மகாதமனி. இளவயசுல அது ரப்பர் மாதிரி. இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் விரிஞ்சு அந்த வேகத்தை வாங்கிக்கும், அப்புறம் சுருங்கி நிதானமா அனுப்பும். வருஷக்கணக்கா உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு இதெல்லாம் சேர்ந்தா அது விறைச்சுப் போகும். அப்போ ஒவ்வொரு துடிப்போட அடியும் நேரா மூளையோட மெல்லிசு குழாய்ங்க மேல போய் விழும். ஒரு நாளைக்கு லட்சம் துடிப்பு. அந்த மெல்லிசு குழாய்ங்க அடி தாங்கறதுக்காகச் சுவரைத் தடிப்பாக்கிக்கும். சுவர் தடிச்சா உள்வழி குறுகும். குறுகினா கடைமடைக்குத் தண்ணி இல்லை.

மூளை நம்ம எடையில 2 சதவீதம்தான். ஆனா ஓய்வா இருக்கும்போது உடம்பு செலவழிக்கற ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கு வேணும். சேமிச்சு வைக்கற வசதியும் அதுக்குக் கிடையாது. அதுல கடைமடை எதுன்னா, ஆழத்துல இருக்கற வெள்ளைப் பகுதி. மூளையோட ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் இணைக்கற ஒயரிங் எல்லாம் அங்கதான் ஓடுது. எங்கப்பாவோட 1971 பித்தளை விலை பத்திரமா இருந்தது. அதை எடுத்து, இன்னொண்ணோட சேர்த்து, வரிசையா வேலை பண்ற கம்பிதான் அறுந்து போச்சு. அதனாலதான் மறதிக்கு முன்னாடி நிதானம் குறையும், திட்டமிடறது போகும், நடை மாறும். இதெல்லாம் தெரியாம நாங்க "பேரெல்லாம் ஞாபகம் இருக்கே, ஒண்ணுமில்ல"ன்னு இருந்துட்டோம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஓட்டோ பின்ஸ்வாங்கர்ங்கற மருத்துவர் 1894-லயே மூளையோட வெள்ளைப் பகுதி கெட்டுப் போறதையும் ரத்தக்குழாய் நோயையும் சேர்த்து எழுதியிருக்கார். அப்புறம் ரொம்ப காலத்துக்கு, வயசானவங்க புத்தி தடுமாறினாலே 'ரத்தக்குழாய் இறுகிப் போச்சு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. 1960-கள் கடைசியில இங்கிலாந்துல இறந்தவங்க மூளையைப் பரிசோதிச்சப்போ, அதுல நிறைய பேருக்கு இருந்தது அல்சைமர்னு தெரிஞ்சது. உடனே தராசு மறுபக்கம் சாஞ்சுது. எல்லாம் அல்சைமர், ரத்தக்குழாயை மறந்துட்டாங்க.

உண்மை ரெண்டுக்கும் நடுவுல. அமெரிக்காவுல கன்னியாஸ்திரீகளை வச்சு ஒரு புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. 1997-ல வந்த முடிவு இது. 102 பேரோட மூளையை, இறந்த பிறகு பார்த்தாங்க. 61 பேருக்கு அல்சைமருக்கான அடையாளம் மூளைக்குள்ள இருந்தது. ஆனா அந்த 61 பேர்லயும், ஆழத்துல சின்னச் சின்ன ரத்த அடைப்பு இருந்தவங்களுக்குத்தான் உயிரோட இருந்தப்போ புத்தி தடுமாற்றம் ரொம்ப அதிகம். அதாவது அல்சைமர் கதவைத் தட்டும்போது, உள்ள தாழ்ப்பாளைத் திறந்து விடறது ரத்தக்குழாய். அல்சைமருக்கு நம்மால பெருசா ஒண்ணும் பண்ண முடியாம இருக்கலாம். தாழ்ப்பாள் நம்ம கையில இருக்கு.

சரி, ஆதாரம் எங்க?

கேப்பீங்க, கேக்கணும். வாட்ஸப் செய்தியைக் கேக்காம விட்டவங்ககூட என்னைக் கேப்பீங்கன்னு தெரியும் :-)

ஹவாய் தீவுல ஹோனலூலுவுல ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 1960-கள்ல இருந்து தொடர்ந்து கவனிச்சாங்க. நடுவயசுல மேல் அழுத்தம் எவ்வளவு கூடுதலா இருந்ததோ, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அறிவுத்திறன் சோதனையில மதிப்பெண் அவ்வளவு மோசமாகிற ஆபத்து இருந்தது. 3,735 பேர். 1995-ல வெளிவந்தது.

லண்டன்ல அரசு ஊழியர்களை வச்சு நடக்கற ஒயிட்ஹால் ஆய்வு. 2018-ல வந்தது. 50 வயசுல மேல் அழுத்தம் 130-ஐத் தொட்டவங்களுக்கு, பின்னாடி டிமென்ஷியா வர்ற ஆபத்து 38 சதவீதம் கூடுதல். கவனிங்க, 140 இல்லை, 130. அதே அளவு 60-லயோ 70-லயோ இருந்தப்போ இந்தத் தொடர்பு தெரியலை. விதி எழுதப்படற வயசு 50.

"ரெண்டும் சேர்ந்து வருதுங்கறதால, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆயிடுமா?" நியாயமான கேள்வி. அதுக்குத்தான் குலுக்கல் முறையில ரெண்டு அணியா பிரிச்சு, ஒரு அணிக்கு மட்டும் அழுத்தத்தைக் கூடுதலா குறைச்சுப் பார்க்கறது. அமெரிக்காவோட ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு, 2019. 50 தாண்டின 9,361 பேர். ஒரு அணிக்கு இலக்கு 120-க்குக் கீழே, இன்னொரு அணிக்கு 140-க்குக் கீழே. டிமென்ஷியா 176 பேருக்குப் பதிலா 149 பேருக்கு வந்தது. நேர்மையா சொல்லணும்னா, புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் மட்டும் போதாது. ஆனா அதுக்கு முந்தின படி இருக்கே, லேசான அறிவுத்திறன் குறைவு, அது சுமார் 19 சதவீதம் குறைஞ்சது. அது போதுமான அளவு உறுதியான முடிவு. மூளைக்குள்ள அந்த வெள்ளைத் திட்டு வளர்றதும் குறைவா இருந்தது. இத்தனைக்கும் தீவிர சிகிச்சை மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் நடந்தது.

இப்ப நம்ம ஊருக்குப் பொருந்தற ஆய்வு. சீனாவுல 326 கிராமம், கிட்டத்தட்ட 34,000 பேர், எல்லாருக்கும் பி.பி. கட்டுக்குள்ள இல்லை. பாதிக் கிராமங்கள்ல உள்ளூர் கிராம மருத்துவப் பணியாளர்களே, முழுசா எம்.பி.பி.எஸ். படிச்சவங்க கூட இல்லை, மாத்திரை கொடுத்து, வீட்டுல அளந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்து, விடாம கவனிச்சாங்க. நாலு வருஷம். டிமென்ஷியா 15 சதவீதம் குறைஞ்சது. 2025-ல வெளியாச்சு. பெரிய ஆஸ்பத்திரி இல்லை, ஸ்கேன் இல்லை. மலிவு மாத்திரை, ஒரு அளவுக் கருவி, விடாப்பிடி. அவ்வளவுதான்.

இனி வாட்ஸப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம்

1. "வயசானா பிரஷர் ஏறுறது இயற்கை." அமேசான் காட்டுல யானோமாமி பழங்குடிகள் இருக்காங்க. உப்பே கிட்டத்தட்டச் சேர்க்காத ஜனங்க. 1988-ல வந்த இண்டர்சால்ட் ஆய்வுல, அவங்க சராசரி அழுத்தம் நூறுக்கும் கீழே. வயசோட அது ஏறவும் இல்லை. இயற்கைன்னா அவங்களுக்கும் ஏறியிருக்கணுமே? ஏறுறது வயசால மட்டும் இல்லை சார், நாம வாழ்ற விதத்தால. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர்... நீங்களே கூட்டிப் பாருங்க.

2. "தாத்தா காலத்துல பிரஷரா பார்த்தாங்க?" பார்க்கலை. அதனாலதான் 'திடீர்னு மாரடைச்சு'ப் போனாங்க, 'வாதம் வந்து' போனாங்க, 'கடைசி காலத்துல புத்தி பிசகி'ப் போனாங்க. பேரு மட்டும் வேற. தாத்தாவுக்கும் இப்படித்தான்னு எங்க அத்தை சொன்னது ஆறுதல் இல்லை, குடும்ப மருத்துவ வரலாறு! ஏழைங்க கதைதான் அப்படின்னு இல்லை. 1945 ஏப்ரல் 12-ல அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில ரத்தம் கசிஞ்சு செத்தார். அன்னிக்கு அவர் அழுத்தம் 300/190. உலகத்துலயே பலம் வாய்ந்த மனுஷனுக்குக் கொடுக்க அன்னிக்கு ஒரு உருப்படியான மாத்திரை இல்லை. இன்னிக்கு என் தெருவுல மருந்துக்கடையில இருக்கு. அதைத்தான் தூக்கிப் போடச் சொல்றாங்க.

3. "மருந்துக் கம்பெனி சதி." ஐயா, மருந்துக் கம்பெனிங்க மேல எனக்கும் பாசம் கிடையாது. ஆனா கணக்குத் தெரியும். ஆம்லோடிபின் காப்புரிமை எப்பவோ முடிஞ்சு போச்சு, ஒரு மாத்திரை ஒரு டீ விலை கூட இல்லை. ஸ்பிரிண்ட் ஆய்வுக்குப் பணம் போட்டது அமெரிக்க அரசோட சுகாதார நிறுவனங்கள். ஆனா 2023-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச அல்சைமர் மருந்து லெகனமாப் இருக்கே, அறிமுகப்படுத்தினப்போ அதோட விலை வருஷத்துக்கு 26,500 டாலர். அதுவும் நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. இப்ப சொல்லுங்க, நீங்க மாத்திரையைத் தூக்கிப் போட்டா கம்பெனிக்காரனுக்கு நஷ்டமா, லாபமா?

4. "கிட்னி போயிரும்." இதைச் சொன்னவன் நான். அதனால இதுக்குப் பதில் சொல்ற கடமையும் எனக்கு. கிட்னியைக் கெடுக்கறதுல சர்க்கரைக்கு அடுத்தபடியா பேர் வாங்கினது கட்டுப்படாத ரத்த அழுத்தம். பி.பி. மாத்திரைகள்ல சில வகைகளைக் கிட்னியைக் காப்பாத்தறதுக்காகவே கொடுக்கறாங்க. நான் எங்கப்பா கையில இருந்து குடையைப் பிடுங்கிட்டு, குடை பிடிச்சா ஜலதோஷம் வரும்னு சொல்லியிருக்கேன்.

5. "ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்க." ஆமா, பெரும்பாலும் அப்படித்தான். மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான். பல் விளக்கறதும் அப்படித்தான்.

6. "ஞாபக சக்திக்கு மூலிகை இருக்கே." ஜிங்கோன்னு ஒரு மூலிகை, உலகம் பூரா ஞாபகசக்திக்குன்னு விக்கறாங்க. 3,069 முதியவர்களை வச்சுப் பல வருஷம் பார்த்தாங்க, 2008-ல முடிவு வந்தது. டிமென்ஷியாவைத் தடுக்கலை. வல்லாரைக் கீரையைத் துவையல் அரைச்சுச் சாப்பிடுங்க, நல்லா இருக்கும். ஆனா 190 பிரஷரை வச்சுக்கிட்டு வல்லாரையை நம்பறது, வெள்ளம் வர்றப்போ வாய்க்கால் கரைக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கற மாதிரி.

ஒரு விஷயத்துல அந்தப் பக்கமும் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். எண்பது தாண்டினவங்க, ஏற்கனவே தள்ளாடறவங்க, எழுந்து நின்னா கண்ணு இருட்டறவங்க, இவங்களுக்கு அழுத்தத்தை ரொம்பக் குறைச்சாலும் ஆபத்துதான். விழுந்து இடுப்பு உடைஞ்சா அது தனிக் கொடுமை. அதனால எவ்வளவு குறைக்கணும்ங்கறதை டாக்டர்தான் ஆளைப் பார்த்துச் சொல்லணும். ஆனா அது அளவைப் பத்தின வாதம். தூக்கிப் போடறதுக்கான வாதம் இல்லை.

ஏன் உங்ககிட்ட சொல்றேன்?

2006-ல நாமெல்லாம் பின்னூட்டத்துல விடிய விடியச் சண்டை போட்டப்போ முப்பது வயசு. இப்ப ஐம்பது. ஒயிட்ஹால் ஆய்வு சொல்ற அதே ஐம்பது. நம்ம அப்பா அம்மாவுக்கு எழுபத்தஞ்சு, எண்பது. ரெண்டு தலைமுறைக்கும் நடுவுல நிக்கறோம்.

இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியான்னு 2023-ல வந்த ஆய்வு மதிப்பிடுது. அதே வருஷம் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி வயசு வந்தவங்கள்ல 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். உலக அளவுல டிமென்ஷியாவைப் பத்தி லான்செட் ஆணையம் 2024-ல கொடுத்த அறிக்கை, உலகத்துல வர்ற டிமென்ஷியாவுல சுமார் 45 சதவீதம், நாம மாத்தக்கூடிய 14 காரணங்களோட தொடர்புடையதுன்னு சொல்லுது. அந்தப் பட்டியல்ல நடுவயசு ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, புகை எல்லாம் இருக்கு. காது கேக்காததும் பார்வைக் குறைவும் கூட இருக்கு. 'வயசாச்சு'ன்னு சொல்லி நாம மூடி வைக்கற பொட்டிக்குள்ள, பாதிக்குக் கொஞ்சம் கம்மியா, திறந்து சரி பண்ணக்கூடிய சாமான் கிடக்கு.

தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்னு ஆரம்பிச்சு, பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தாங்க. எங்கப்பாவோட ஸ்கேன் எடுத்த அதே வருஷம். அந்த அக்கா மாத்திரையோட படியேறி வர்றப்போ, வீட்டுக்குள்ள படிச்ச பையன் ஒருத்தன் உட்கார்ந்து "அதெல்லாம் வேண்டாம்பா"ன்னு சொல்றான். நம்மள மாதிரி ஒருத்தன். அவன்தான் என் எதிரி. அவன் நானா இருந்தவன்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. கைப்பட்டை வச்ச ஒரு பி.பி. கருவி வாங்குங்க. அளக்கறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் காபி, சிகரெட் வேண்டாம். முதுகு சாஞ்சு, கால் தரையில பட, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்க. கை நெஞ்சு உயரத்துல இருக்கட்டும். ரெண்டு தடவை அளங்க. ஒரு வாரம் எழுதி வையுங்க, அந்தத் தாளை டாக்டர்கிட்ட கொடுங்க. ஏற்கனவே மாத்திரை எடுக்கறவங்க அளவு நல்லா இருக்குன்னு நிறுத்தாதீங்க. அது நல்லா இருக்கறதே மாத்திரையாலதான். வீட்டுல பெரியவங்க நிதானம் குறைஞ்சா, கணக்குல தடுமாறினா, நடை தேய்ஞ்சா, சிரிச்சிட்டு நகராதீங்க. கூட்டிட்டுப் போங்க.

அப்பா இப்ப மாத்திரை எடுத்துக்கறார். அதுக்கப்புறம் வேகமா சரியலை, அவ்வளவுதான். போனது திரும்பலை. தொடர்ந்து சாப்பிட்டிருந்தா இது வந்திருக்கவே செய்யாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு ஆளை வச்சு அப்படிச் சொல்ல முடியாதுன்னு இவ்வளவு படிச்சதுல தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா ஒன்பது வருஷம் இருந்தது. கையில இருந்தது. நான் வாங்கிக் கீழே வச்சேன்.

போன மாசம் பால்காரருக்குச் சில்லறை கொடுக்கறப்போ, எண்ணிட்டு எண்ணிட்டு, பர்ஸை அப்படியே என் கையில கொடுத்திட்டார். "நீயே பாத்துக் குடுல, எனக்குக் குழம்புது." முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கே சில்லறை எண்ணிக் கொடுத்தவர்.

அன்னிக்கு டாக்டர்கிட்ட "நானாத்தான் நிறுத்துனேன்"னு சொன்னாரே, அது மறந்து போய்ச் சொன்னதா, இல்ல ஞாபகம் வச்சுக்கிட்டே சொன்னதா? எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கேக்கவும் தைரியம் வரலை.

பின்னூட்டத்துல திட்டறவங்க தாராளமா திட்டலாம். மட்டுறுத்தல் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: இன்னிக்கு உங்க பி.பி. எவ்வளவுன்னு முதல் வரியில போட்டுட்டு அப்புறம் திட்டுங்க. என்னோடது காலையில 134/86. டாக்டர்கிட்ட அடுத்த வாரம் போறேன்.